ராக்கெட்டின் வீட்டுச் செருப்பு

1

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே இருந்த சாக்லேட்டுகளை ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த துணிப்பையிலிருந்து நான்கு குட்டிச் செருப்புகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். கறுப்பு நிறம், தடித்த ரப்பர் அடி, கணுக்காலில் இறுக்கிக் கட்ட ஒட்டுப்பட்டை.

"குழந்தைக்கா மேடம்?"

"நாய்க்கு சார்."

அவர் இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டார். இருவரும் ஒவ்வொரு செருப்பாக வளைத்துப் பார்த்தார்கள், அடிப்பாகத்தைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். தங்கம் கடத்துபவள் அதை நாயின் செருப்பில்தான் வைப்பாள் என்று அவர்களுக்கு யாரோ வகுப்பு எடுத்திருக்க வேண்டும். நாய் எங்கே என்று கேட்டார்கள். ராஜகீழ்ப்பாக்கத்தில் என்றேன். அப்படியானால் அங்கேயே வாங்கியிருக்கலாமே என்றார் இரண்டாமவர். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் பின்னால் வரிசை நீண்டிருந்தது.

இங்கிலாந்துக்கு நான் முதன்முதலாகப் போனபோது அங்கே ஒரு அதிகாரி என் புளி உருண்டையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். இத்தனை வருடம் கழித்து நம்மூர் அதிகாரி நாயின் செருப்பை முகர்ந்து பார்க்கிறார். வெளிநாட்டுக்குப் போய் நான் அடைந்த முன்னேற்றம் என்னவென்று உறவுக்காரர்கள் கேட்டால் இனி இதைச் சொல்லிவிடலாம்.

2

ராக்கெட் என்பது என் அண்ணன் வீட்டு நாயின் பெயர். கிரேஹவுண்ட் இனம். ஒட்டிய வயிறும் நீண்ட கால்களுமாக, ஓடுவதற்கென்றே வளர்க்கப்பட்ட நாய். பெயர் வைத்தவன் அண்ணன் மகன் ராபின். பஞ்சாபிலிருந்து குட்டிகள் வரவழைக்கும் ஒருவரிடம் வாங்கினான். கடற்கரையில் அதனோடு நின்று ஏராளமான படங்கள் எடுத்துக்கொண்டான். அப்புறம் கனடாவுக்கு விசா வந்தது. படங்கள் அவனோடு போயின, நாய் இங்கேயே தங்கிவிட்டது.

இதை நான் பெரிதாகக் குத்திக்காட்ட முடியாது. என் மகள் ப்ரீத்தியும் இதையேதான் செய்தாள். இங்கிலாந்தில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளைத் தத்துக் கொடுப்பார்கள். நாயைக் கொடுக்கும் முன் வீட்டுக்கு ஆள் அனுப்பி, வேலி எவ்வளவு உயரம், சோபாவில் நாய்க்கு இடம் உண்டா என்றெல்லாம் விசாரிப்பார்கள். எனக்குக் குடியுரிமை கொடுத்தபோதுகூட யாரும் என் சோபாவைப் பார்க்கவில்லை. அப்படி விசாரித்து வாங்கி வந்த மாலி என்ற நாயை என்னிடம் விட்டுவிட்டு, ப்ரீத்தி வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். இதை நான் அண்ணியிடம் புலம்பியபோது அண்ணி காய் நறுக்கிக்கொண்டே, "நீங்க எல்லாருமே போகும்போது எதையாவது விட்டுட்டுத்தான் போறீங்க ஷீலா" என்றாள். அந்த 'நீங்க'வில் நானும் இருந்தேன். நான் விட்டுவிட்டுப் போனது நாயை அல்ல, சேலையூரில் அப்பாவையும் அம்மாவையும்.

அண்ணன் ஜெபராஜ் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். அண்ணி வசந்தா தலைமை ஆசிரியையாக இருந்தவள். அவளுக்கு மட்டும் இன்னும் ஓய்வு வரவில்லை, பள்ளிக்கூடம்தான் போவதில்லை. சேலையூர் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் நாங்கள் வளர்ந்த வீடு அடுக்குமாடி ஆகிவிட்டது. அவர்கள் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு இரண்டாம் மாடி ஃபிளாட்டில் இருக்கிறார்கள். வீடு முழுக்க வழவழவென்று வெள்ளை டைல்ஸ். குனிந்தால் முகம் தெரியும். அண்ணி காலையும் மாலையும் துடைப்பதால் மூக்குத்துவாரம்கூடத் தெரியும்.

இந்த வருட ஆரம்பத்தில் ராக்கெட் நொண்ட ஆரம்பித்தது. முன்னங்கால் இடதுபக்கம். அண்ணன் வீடியோ எடுத்து அனுப்பினார். டைல்ஸ் மேல் மூன்று காலில் தத்தித்தத்தி வந்தது. பக்கத்துக் காலி மனையில் விட்டால் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். "அதான் அதிசயம், மண்ணுல நல்லா ஓடறான், வீட்டுக்கு வந்தா நடிக்கிறான்" என்றார். நடிப்பில்லை. மண்ணிலும் புல்லிலும் ஓடி, கெட்டித் தரையில் காலைத் தூக்கும் கிரேஹவுண்டுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதிதான், கால் ஆணி. நமக்கு வருகிற அதேதான். பாதத்தின் மெத்தையில் வட்டமாக, கொம்பு போல ஒன்று இறுகி உள்ளே இறங்கும். கெட்டித் தரையை மிதிக்கும்போதெல்லாம் ஷூவுக்குள் கல் கிடப்பதுபோல் குத்தும். மற்ற நாய்களுக்கு இது அபூர்வம். இந்த இனத்துக்கு விரலில் சதை குறைவு, எலும்புக்கும் தரைக்கும் நடுவே மெத்தை போதாது.

அண்ணன் இதை அவராகவே கண்டுபிடித்திருந்தார் என்பதுதான் வேடிக்கை. பாதத்தைத் திருப்பிப் பார்த்து, அப்பாவுக்கு இருந்த மாதிரியே கால் ஆணி என்று முடிவுசெய்து, மருந்துக் கடைக்குப் போய் மனிதர்கள் ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்திரியை வாங்கி ஒட்டினார். அதில் இருப்பது அமிலம். ராக்கெட் அதை நக்கிப் பிய்த்துப் போட்டது. சுற்றியிருந்த நல்ல தோலும் வெந்து புண்ணானது. பயந்துபோய்த் தாம்பரத்தில் பெரிய டாக்டர் என்று பெயரெடுத்த ஒருவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் காலைத் தொடவேயில்லை. நாய்க்கெல்லாம் கால் ஆணி வராது என்று சிரித்தார். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், வலி மாத்திரை எழுதினார். அடுத்த முறை போனபோது விரலை எடுத்துவிடலாம் என்றார். நாற்பது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கிய அண்ணன் அவர் முன்னால் கைகட்டி நின்று சரி சார் என்றிருக்கிறார். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் நம் ஆட்களுக்கு வாய் மூடிக்கொள்கிறது. இங்கிலாந்திலும் நம் ஆட்கள் அப்படித்தான்.

3

நான் போய் இறங்கியபோது விஷயம் முற்றியிருந்தது. எங்கள் குடும்பத்தில் கெட்ட செய்தியைக் காபி குடித்த பிறகுதான் சொல்வார்கள். டம்ளரைக் கீழே வைத்ததும் அண்ணி சொன்னாள். ராக்கெட்டைப் படப்பைக்கு அனுப்புவதாக முடிவாகிவிட்டது. பாபு என்று ஒருவர் அங்கே நிலம் வாங்கிப் பண்ணை வீடு போட்டிருக்கிறார், காவலுக்கு நாய் தேடுகிறார்.

கிரேஹவுண்டைக் காவலுக்கு வைப்பவருடைய அறிவை என்னவென்று சொல்வது. நாள் முழுக்கத் தூங்கும் பிராணி அது. திருடன் வந்தால் நகர்ந்து படுத்து இடம் கொடுக்கும். அதைச் சொன்னேன். படப்பையில் சங்கிலி, தகரக் கொட்டகை, நொண்டும் நாய்க்கு அங்கே மருந்து போட ஆள் கிடையாது என்பதையும் சொன்னேன். பண்ணைக்கு அனுப்புகிறோம் என்றால் கைகழுவுகிறோம் என்று அர்த்தம், அது நம் எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கும் தெரியும்" என்றாள் அண்ணி. "உங்க அண்ணன் அவன தூக்கிகிட்டு ரெண்டு மாடி இறங்குறாரு. நாய லிஃப்ட்ல ஏத்தக்கூடாதுன்னு அசோசியேஷன்ல ரூல். போன மாசம் படியில சறுக்கி விழுந்தாரு. நாய் மேல விழக்கூடாதுன்னு இவரு முதுகு அடிபட விழுந்தாரு. நான் யார ஷீலா பாக்கணும், நாயையா, இவரையா?"

அண்ணன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தைப் புரட்டவேயில்லை. ராக்கெட் அவர் காலடியில், அந்த ஒரு காலைமட்டும் தரையில் படாமல் மடக்கிப் படுத்திருந்தது.

கடைசியில் அண்ணி ஒரு கெடு கொடுத்தாள். நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின ஞாயிறு பாபு வருவார். அதற்குள் ராக்கெட் தன் காலில் படியிறங்கி ஏறினால் இருக்கட்டும். இல்லையென்றால் படப்பை. மாலியின் கால் ஆணியோடு மூன்று வருடம் மல்லுக்கட்டிய அனுபவம் எனக்கு இருந்தது. நடக்கவைத்துக் காட்டுகிறேன் என்று வாய் விட்டேன்.

4

அடுத்த நாளே ராக்கெட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு சேலையூருக்குப் போனேன். வாசலில் யார்மேலோ இடித்துக்கொண்டு ஸாரி என்றேன், ஆட்டோ நின்றதும் தேங்க்யூ என்றேன், ஏறும்போது ப்ளீஸ் என்றேன். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, ஊருக்குப் புதுசா மேடம் என்று கேட்டார். நான் பிறந்த தெரு வழியாகத்தான் அவர் அப்போது போய்க்கொண்டிருந்தார். அப்புறம் நாயைப் பார்த்தார்.

"சோறு கீறு போட மாட்டீங்களா? எலும்ப எண்ணிடலாம் போல கீது."

கிரேஹவுண்ட் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் இதைக் கேட்டே தீர வேண்டும். அதன் உடம்பே அப்படித்தான். இங்கிலாந்தில் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், பார்வையால் கேட்டுவிட்டு வானிலை பற்றிப் பேசுவார்கள். எனக்கு ஆட்டோக்காரரின் வழிதான் பிடித்திருக்கிறது. பதில் சொல்லவாவது இடம் இருக்கிறது.

சேலையூரில் இருந்தது ஒரு சின்ன கிளினிக், இளம் பெண் டாக்டர். நான் சண்டைக்குத் தயாராகப் போயிருந்தேன். கால் ஆணி, இங்கிலாந்தில் என் நாய்க்கும் வந்தது என்று ஆரம்பித்ததும் மறுப்பாள், நான் என் போனில் சேர்த்து வைத்திருந்த படங்களைக் காட்டி அவளை ஒருவழி பண்ணலாம் என்றிருந்தேன். அவள், "எனக்குத் தெரியலயே மேடம். இங்க வர்றதெல்லாம் லேப், பக், இல்லன்னா தெருநாய். உங்க நாய்க்கு எப்படிப் பார்த்தாங்கன்னு சொல்லுங்க" என்று சொல்லி என் உற்சாகத்தைக் கெடுத்துவிட்டாள். தெரியாது என்று சொல்லும் டாக்டரை நான் இரண்டு நாட்டிலும் அதிகம் பார்த்ததில்லை.

சொன்னேன். ஈரப் பஞ்சால் பாதத்தை நனைத்தாள். காய்ந்திருந்தபோது ஒன்றும் தெரியாத இடத்தில், நனைந்ததும் வெளிறிய வட்டம் ஒன்று துலக்கமாகத் தெரிந்தது. நடு விரலின் மெத்தையில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. மாலிக்கு ஆணி எடுத்தபோது நான் போனில் பிடித்த வீடியோவை அவள் இரண்டு தடவை பார்த்தாள். மழுங்கிய கருவி ஒன்றால் விளிம்பைச் சுற்றிப் பொறுமையாகத் தளர்த்தி, ரத்தம் வராமல் அந்தக் கொம்புத் துண்டை நெம்பி எடுத்தாள். ராக்கெட் என் மடியில் தலைவைத்து முனகியது, கடிக்கவில்லை. நீண்டிருந்த நகங்களையும் வெட்டிவிட்டாள், நகம் நீண்டால் விரல் மடங்கி அழுத்தம் கூடுமாம். தினமும் வெதுவெதுப்பான நீரில் காலை ஊறவைத்து வாஸ்லின் தடவச் சொன்னாள். மறுபடியும் வளரும், அவ்வப்போது வாருங்கள் என்றாள். கிளம்பும்போது, "கெட்டியான தரையில மட்டும் வெறுங்காலோட விடாதீங்க மேடம்" என்றாள்.

அதற்குத்தானே கடல் கடந்து செருப்பு கொண்டுவந்திருக்கிறேன் என்று பெருமையாகத் தலையாட்டினேன்.

5

செருப்பைப் போட்டுக் கீழே கூட்டிப் போனபோதுதான் இன்னொரு கூத்து தெரிந்தது. வளாகத்துக்குள் நாயை நடத்திப் போகப் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரைதான் அனுமதி. காலையில் பெரியவர்கள் நடக்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஆகவே நாய் உச்சி வெயிலில்தான் போக வேண்டும். பொதுக்குழு கூடி, விவாதித்து, கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானம். படித்தவர்கள் கூடினால் இப்படித்தான் ஆகிறது. தரையெல்லாம் சிமெண்ட் கல். ராக்கெட்டின் மற்ற மூன்று பாதங்களிலும் தோல் உரிந்திருந்ததைச் செருப்பு மாட்டும்போது பார்த்திருந்தேன், அதன் ரகசியம் இதுதான். அண்ணன் ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசாமல் அந்த வெயிலில் நாயோடு நடந்திருக்கிறார்.

அசோசியேஷன் செயலாளர் மூர்த்தி சாரைப் போய்ப் பார்த்தேன். விதி எல்லோருக்கும் பொது என்றார். வெளிநாட்டில் எல்லாம் விதியை மதிப்பீர்கள், இங்கே வந்தால் மட்டும் கேள்வி கேட்பீர்கள் என்றார். இந்த வசனத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேர் என் வாயை அடைத்திருக்கிறார்கள். நான் கத்தவில்லை. பிரச்சினையை நேரில் பார்க்கவாவது வாருங்கள், பகல் ஒரு மணிக்கு என்றேன்.

வந்தார். நோட்டீஸ் பலகைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பிள்ளையார் மாடம் உண்டு. அதைக் கடக்கும்போதெல்லாம் செருப்பை விட்டுவிட்டு ஒரு கணம் நின்று கும்பிடுவது அவர் வழக்கம், நானே காலையில் பார்த்திருக்கிறேன். அன்றும் பழக்கத்தில் செருப்பை விட்டார். ஒரு கணம்கூட நிற்க முடியவில்லை. கையெடுத்த நிலையிலேயே இடதுகால் வலதுகால் என்று மாற்றி மாற்றித் தூக்கி, கார் நிறுத்தும் நிழலுக்குள் ஓடினார். அவர் செருப்பை எடுத்துக்கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"உங்களுக்கு இது இருக்கு சார். அவனுக்கு இத்தன நாளா அதுவும் இல்ல."

மனிதர் கெட்டவரில்லை. அன்று சாயங்காலமே நோட்டீஸ் மாறியது. நாய்களுக்குக் காலை ஆறு மணி. லிஃப்ட் மட்டும் பொதுக்குழுவில்தான் பேச முடியும் என்றார். பொதுக்குழு அடுத்த வருடம் கூடும்.

உரிந்த பாதங்களை உப்பு நீரில் கழுவி, மருந்து தடவி, காலுறை மாட்டி, நக்காமல் அண்ணனும் நானும் முறைபோட்டுக் காவல் இருந்தோம். புண் ஆறியது. ஆணி எடுத்த கால் தரையில் ஊன்ற ஆரம்பித்தது. ஒரு காலையில் ராக்கெட் செருப்போடு தானாகப் படியிறங்கியது. அண்ணன் மேலே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் மூக்கைச் சிந்தினார். நான் வீடு முழுக்க என் வெற்றியைப் பேசிக்கொண்டு திரிந்தேன்.

ஆறாவது நாளோ என்னவோ, மறுபடி காலைத் தூக்கிக்கொண்டது.

6

ஞாயிறுக்கு அதிக நாள் இல்லை. சேலையூர் டாக்டர் மறுபடி நனைத்துப் பார்த்தாள். அதே இடம், அதே வட்டம். இவ்வளவு சீக்கிரம் ஏன் என்று அவளுக்கும் புரியவில்லை. நான் சாலையைத் திட்டினேன், சிமெண்டைத் திட்டினேன், அண்ணன் சரியாக வாஸ்லின் தடவவில்லை என்று அவரையும் திட்டினேன். அவர் அதற்கும் சரி சரி என்றார்.

அன்று ப்ரீத்தி வீடியோவில் வந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். போனில் பின்னால் ராக்கெட் தத்திக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, செருப்பு எங்கே என்று கேட்டாள். வாசலில் இருக்கிறது, வீட்டுக்குள் எதற்கு என்றேன். அவள் என் மடத்தனத்துக்குப் பழகிப்போன குரலில் சொன்னாள். அம்மா, மாலிக்கு உன் வீட்டில் தரை முழுக்கக் கம்பளம் இருக்கிறது. இவனுக்கு என்ன இருக்கிறது?

போனை வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தேன். என் முகம் பளிச்சென்று தெரிந்தது.

நான் இங்கிலாந்தில் எதை வெறுத்தேனோ இல்லையோ, அந்தக் கம்பளத்தை வெறுத்தேன். துவைக்க முடியாத துணியைத் தரையோடு ஒட்டிவைத்து அதன்மேல் தெருச் செருப்போடு நடக்கும் ஜனங்கள் என்று ஊருக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் நக்கலடித்திருக்கிறேன். என் வீட்டுக்கு வரும் எவரும், கேஸ் ரிப்பேர்க்காரர் உட்பட, வாசலில் ஷூவைக் கழற்றியாக வேண்டும். ப்ரீத்தியின் சிநேகிதன் ஓட்டைக் காலுறையோடு என் சோபாவில் நெளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இத்தனை வருடத்தில் நான் விட்டுக்கொடுக்காத ஒரே பழக்கம் அது. பேச்சு போயிற்று, சாப்பாடு பாதி போயிற்று, பிள்ளை கைக்கு எட்டாத தூரம் போயிற்று, வாசலில் செருப்பைக் கழற்றுவது மட்டும் போகவில்லை. அதைத்தான் இங்கேயும் வந்து, காலையில் நடை முடிந்ததும் ராக்கெட்டை வாசலில் உட்காரவைத்து, நாலு செருப்பையும் கழற்றி அலமாரியில் அடுக்கி, நாள் முழுக்க டைல்ஸ் மேல் வெறுங்காலில் நடக்கவிட்டிருக்கிறேன். சாலையில் அது நடப்பது கொஞ்ச நேரம். வாழ்வது வீட்டுக்குள்.

எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தோன்றவும் தோன்றாது. செருப்போடு வீட்டுக்குள் ஒரு ஜீவன் நடக்கலாம் என்ற எண்ணமே தாம்பரம் பக்கம் எந்த மதத்துக்காரர் தலையிலும் ஏறாது. அண்ணி வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்த வரும் போதகரும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் ஜெபிப்பார். ராபின் கனடா கிளம்பிய அன்று, பாஸ்போர்ட்டை மறந்து, டாக்ஸியை நிறுத்திவிட்டு மேலே ஓடிவந்தான். அண்ணி அவனையும் வாசலில் நிறுத்தி ஷூவைக் கழற்றவைத்துத்தான் உள்ளே விட்டாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், அந்தச் செருப்பை வீட்டுக்குள்ளும் போட வேண்டும் என்று சொன்னேன்.

"ராஜகீழ்ப்பாக்கம் ரோட்ட மிதிச்ச செருப்பா? என் வீட்டுக்குள்ளயா?"

அத்தோடு பேச்சு முடிந்தது. அண்ணன் வீட்டிலிருந்த மிதியடி, பழைய ஜமுக்காளம் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் பார்த்தார். வழவழப்பில் அவை நாயோடு சேர்ந்து வழுக்கின. ஒன்றில் அண்ணியே தடுமாறி விழப்போனாள். எல்லாவற்றையும் சுருட்டி பால்கனியில் போட்டுவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பினாள். பாபுவுக்குப் போன் பண்ணத்தான் தனியாகப் போகிறாள் என்று நினைத்தேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். மத்தியானம் இருவருமே சாப்பிடவில்லை.

அண்ணி தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வந்தாள். பையிலிருந்து ஒரு ஜோடி குழந்தை ஷூவை எடுத்து வைத்தாள். சிவப்பு நிறம், மெத்தென்ற அடி, ஒட்டுப்பட்டை, மேலே ஒரு கரடி முகம்.

"பாத்ரூமுக்கு ஒரு செருப்பு வெச்சிருக்கோம், மொட்டமாடிக்கு ஒண்ணு வெச்சிருக்கோம். இவனுக்கு உள் செருப்பு இது. இது வாசப்படி தாண்டக்கூடாது, அது வாசப்படி உள்ள வரக்கூடாது."

கடைக்காரர் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்டாராம். மூன்று என்று சொன்னாளாம். பொய் இல்லை.

முன்னங்கால் இரண்டுக்கும் மாட்டினோம். ராக்கெட் எழுந்து ஒரு அடி வைத்தது. பீ என்று சத்தம் வந்தது. பயந்து அடுத்த காலை வைத்தது. மறுபடி பீ. குழந்தைகள் நடை பழகும்போது போடுவார்களே, மிதித்தால் ஊதும் ஷூ, அது. அந்த அளவில் ஊதாத ஷூ கடையில் இல்லையாம். பந்தயத்துக்குப் பிறந்த நாய், சோபாவின் ஓரத்தில் நின்று தன் காலைத் தானே சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணன் குறடு கொண்டுவந்து ஊதலைப் பிடுங்கப் பார்த்தார். அண்ணி வேண்டாம் என்றாள்.

"இருக்கட்டும். எங்க இருக்கான்னு தெரியும்."

டாக்டர் இரண்டாம் முறை ஆணியை எடுத்திருந்தாள். வெளியே கறுப்புச் செருப்பு, உள்ளே சிவப்பு ஷூ, படுத்தால் வெறுங்காலில் வாஸ்லின். வாசலில் அண்ணி மேற்பார்வையில் செருப்பு மாற்றும் சடங்கு, அதில் மட்டும் கண்டிப்பு குறையவில்லை. நாள் போகப்போகத் தத்தல் குறைந்தது. வீட்டுக்குள் சமையலறைக்கும் ஹாலுக்கும் பீ பீ என்று போக்குவரத்து கூடியது. கீழ்வீட்டிலிருந்து யாரோ ஒருவர் பேரனா வந்திருக்கிறான் என்று கேட்டார்.

7

ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் திரும்பியதும் பாபு வந்தார். கீழே சரக்கு வண்டி, கையில் புதுச் சங்கிலி, காலில் மண் ஒட்டிய ஷூ. எங்கள் யாருக்கும் அண்ணி என்ன செய்யப்போகிறாள் என்று தெரியாது. கெடுவின்படி ராக்கெட் படியிறங்கி ஏற வேண்டும். அதைக் காட்டலாம் என்று அண்ணன் கறுப்புச் செருப்பைத் தேட எழுந்தார்.

அதற்குள் ராக்கெட் யாரென்று பார்க்க வாசலுக்குப் போய்விட்டது, நாலு காலும் தரையில் பட, பீ பீ என்று. பாபு கதவைத் தாண்டி ஒரு கால் வைத்தார். அண்ணி கையை நீட்டித் தடுத்தாள்.

"ஷூவ வெளிய கழட்டிட்டு வாங்க."

பாபு குனிந்து நாயின் காலைப் பார்த்தார். அப்புறம் அண்ணியைப் பார்த்தார்.

"இன்னாக்கா, நாய் வூட்டுக்குள்ளயே போட்டுகினு கீது?"

"அவன் வீட்டு ஆளு" என்றாள் அண்ணி. "நீங்க வந்தவரு."

அவர் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், காபி குடித்தார், படப்பையில் மழை எப்படி என்று சொன்னார். சங்கிலியை மடியிலேயே வைத்திருந்து திரும்பக் கொண்டுபோனார். அவர் போன பிறகு அண்ணன் தரையில் உட்கார்ந்து ராக்கெட்டின் சிவப்பு ஷூக்களைக் கழற்றி, பாதத்தைத் துடைத்து, வாஸ்லின் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். அண்ணி அவரைப் பார்க்காமல் சாப்பாடு எடுத்துவைத்தாள். நான் போய் டம்ளர்களைக் கழுவினேன். அது என் சுபாவத்துக்கு அபூர்வம்.

8

இங்கிலாந்துக்குத் திரும்பி வந்துவிட்டேன். இங்கே மாலி கம்பளத்தின் மேல் நடக்கிறது. நடப்பதே தெரிவதில்லை. நான் நடப்பதும் தெரிவதில்லை. சத்தமே இல்லாத வீடு எவ்வளவு வசதி என்று புதிதாக வருகிறவர்கள் சொல்வார்கள். இப்போது அதைக் கேட்டால் எரிச்சலாக வருகிறது. கம்பளத்தை இனித் திட்டமாட்டேன் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஒருநாள் டைல்ஸ் போட்டே தீருவேன், மாலிக்கு உள் செருப்போடு.

அண்ணன் ஞாயிறுதோறும் பேசுவார். சாப்பிட்டாயா, அங்கே குளிரா, இந்த இரண்டையும் தாண்டினால் அவருக்குப் பேச்சு வராது. எனக்கும் பொறுமை இருக்காது, சரி வைக்கட்டுமா என்பேன். வருடக்கணக்காக எங்கள் பாசம் இந்த அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது.

போன ஞாயிறு இரண்டு கேள்வியையும் முடித்துவிட்டு, ராபின் கூப்பிட்டிருந்தான் என்றார். பின்னால் சத்தம் கேட்டு, யார் வீட்டுக் குழந்தை என்று கேட்டானாம்.

"என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது. உங்க அண்ணிதான் போன வாங்கி, நம்ம வீட்டுதுதான்னா."

ராஜகீழ்ப்பாக்கத்து ஹாலின் அந்தக் கோடியிலிருந்து சத்தம் கிளம்பி, டைல்ஸ் மேல் ஒவ்வொன்றாக அவரை நோக்கி வந்தது. பீ. பீ. பீ.

"சரிம்மா, வைக்கட்டுமா?" என்றார்.

"வைக்காதீங்கண்ணா" என்றேன். "கொஞ்சம் அப்படியே இருங்க."